வேண்டிக்கொண்டது நான், கால் ஓவியாவுடையது

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நானாக எழுதியதல்ல. வேங்கிக்காலில் என் மகள் படிக்கும் பள்ளியில், "ஆண்டு விழா மலருக்குப் பிள்ளை வளர்ப்பு பத்தி சமூக அக்கறையோட ஒரு கதை குடுங்க சார்" என்று கேட்டார்கள். அக்கறை எனக்கு ஜாஸ்தி. உடனே உட்கார்ந்தேன்.

"இந்தக் காலத்து—"

அதற்கு மேல் எழுத முடியவில்லை. அடுத்த சொல் உங்களுக்கே தெரியும், தினமும் பத்துத் தடவை சொல்கிற எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்கு இரண்டையும் சேர்த்து எழுதியிருந்தால் ஒரு வேண்டுதல் கெட்டிருக்கும்.*

* எழுதினாலும் சொன்ன மாதிரிதான் என்பது தீர்ப்பு. தீர்ப்புச் சொன்னவள் என் மகள் ஓவியா, ஒன்பதாம் வகுப்பு. இந்தக் கைப்பிரதியைத் திருத்துகிறவளும் அவள்தான்.

2

போன மாதப் பௌர்ணமியன்று அண்ணாமலையார் சன்னதியில் நின்று, "அடுத்த பௌர்ணமி வரைக்கும் என் பொண்ணு போனைத் தொடாம இருந்தா, அவ வெறுங்காலோட கிரிவலம் வருவா சாமி" என்று வேண்டிக்கொண்டேன். பதினான்கு கிலோமீட்டர். எனக்கு முட்டி வலி, அதனால் அவள் காலைக் கொடுத்துவிட்டேன். எங்கள் ஊரில் இது சகஜம். வேண்டிக்கொள்வது பெற்றவர்கள், முடி போவது பிள்ளைக்கு.

விஷயத்தைக் கேட்ட ஓவியா இடுப்பில் கை வைத்தாள்.

"எனக்கு மூணு மொட்டை போட்டீங்க. ஒரு தடவையாச்சும் என்னைக் கேட்டீங்களா?"

"கைக்குழந்தையை யாருடி கேப்பாங்க?"

"சரி, நானும் வேண்டிக்கிறேன்." கண்ணை மூடிக்கொண்டாள். "எங்கப்பா அடுத்த பௌர்ணமி வரைக்கும் 'இந்தக் காலத்து'ன்னு ஆரம்பிக்கிற அந்த வார்த்தையைச் சொல்லாம இருந்தா, அவருக்கு மொட்டை போடறேன் சாமி."

என் மனைவி தமிழ்செல்வி பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். சொல்லிவிட்டால் முடி பிழைக்கும்; ஆனால் அவள் கையை அடக்கினாள், நான் வாயை அடக்கவில்லை என்றாகிவிடும்.

[இங்கே என் முடியைப் பற்றி ஒரு நீண்ட பத்தி இருந்தது. "அவ்ளோ முடி இல்லப்பா" என்று அடித்துவிட்டாள்.]

3

கதாநாயகி மேல் எனக்கு நம்பிக்கையில்லை. முதல் வரைவில், மூன்றாம் நாளே அவள் திருட்டுத்தனமாகப் போனை எடுத்து—

இல்லை, எடுக்கவில்லை. போனை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். கதைக்கு இது பெரிய நஷ்டம். வேலையற்றுப் போனவள் எங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள்.

"ப்பா, உன்கிட்டதான் பேசிக்கிட்டு இருக்கேன்" என்றாள் ஒரு நாள் சாப்பிடும்போது.

"இரு இரு" என்றேன். குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

4

பௌர்ணமி வந்தது. பகலிலேயே கிளம்பிவிட்டோம். அவள் வெறுங்காலோடு, நான் முட்டி வலியோடும் செருப்போடும். அவள் நடந்து முடிக்கும்வரை என் தலை மேல் அவள் வைத்த வேண்டுதலும் முடியாது என்று இன்னொரு தீர்ப்பு. அடி அண்ணாமலையில் ஒரு சுக்குக் காபிக் கடை வாசலில் அவள் உட்கார்ந்தாள். உள்ளங்காலில் கொப்புளம்.

பக்கத்து வீட்டு ராமதாஸ் எதிர்ப்பட்டார்.

"பாதி வழியிலயே உக்காந்துட்டாளா! [அந்த வார்த்தை] எல்லாம் இப்படித்தான் சார். நீங்க என்ன சொல்றீங்க?"

நானும் அதை ஒரே ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், என் முடி தப்பிக்கும். ஓவியா கொப்புளத்தை ஊதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு மாதமாகப் போனைத் தொடாதவள், நான் வேண்டிக்கொண்டதற்காக நடந்துகொண்டிருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. முடி மேல் ஆசையாகவும் இருந்தது.

5

முடிவு அ: சொல்லிவிடுகிறேன். ராமதாஸுக்குச் சந்தோஷம். சீப்புக்கும் வேலை உண்டு.

முடிவு ஆ: "இந்தக் காலத்து அப்பனுங்கதான் சார் சரியில்ல" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அவளோடு மீதி வழி நடக்கிறேன்.

[இது ரொம்ப நல்ல அப்பாவா இருக்கே. யாரும் நம்ப மாட்டாங்க. — ஓவியா]

நிஜத்தில் என்ன சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. இந்த மலர் உங்கள் கைக்கு வருகிற ஆண்டு விழாவன்று முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன். நீங்களே என் தலையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொப்பி போடக் கூடாதாம்.