பதிவேட்டில் இல்லாத இருபத்தெட்டு இரவுகள்

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கூட்டம். வந்திருந்தவர்கள் ஆறு பேர். எங்கள் சாரணர் குழுவின் தலைவரான மருந்துக்கடைக்காரர், கை வைத்த ஒரே நாற்காலியில், மின்விசிறிக்கு நேர் கீழே. குழுவின் சாரண ஆசிரியரான, கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர், முதுகுவலி என்று நாற்காலியை மறுத்துவிட்டு, கதவோரம் சுருட்டி வைத்திருந்த கூடாரத்தின் மேல். சாமான் அறைக்குப் பொறுப்பான தையற்கார அக்கா, மேசையின் அந்தக் கோடியில், ஓரம் அடிக்க வேண்டிய நாற்பது கழுத்துத் துணிகளோடு. பெற்றோர் சார்பில் என் தம்பி, ஜன்னல் கட்டையில். அவன் மகள் அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். காலி நாற்காலி இருந்தும், சொல்லியும், உட்காரவில்லை. செயலாளரான நான் மேசையின் இழுப்பறைப் பக்கம். அந்த இழுப்பறையை முழங்காலால் மேலே தூக்கிக்கொண்டே இழுத்தால்தான் திறக்கும். பதினோரு வருடமாக அந்த வித்தை என் முழங்காலுக்கு மட்டுமே தெரியும்.

தம்பி மகளுக்குக் குழுவில் முடிச்சு என்று பெயர். எட்டு வயதில் சேர்ந்த முதல் வாரமே மாஸ்டரின் இரண்டு காலணிகளையும் நாற்காலிக் காலோடு சேர்த்துக் கட்டி, அவரால் அவிழ்க்க முடியாமல் கத்திரிக்கோல் தேட வைத்தவள். இப்போது மூன்று வருடமாக வேங்கை அணியின் தலைவி. வரும் புதன்கிழமை அவளுக்குப் பதினெட்டு முடிகிறது.

கூட்டத்துக்கு ஒரே ஒரு பொருள்: தலைமையகத்திலிருந்து வந்த கடிதம். சாரணர்களுக்கு உள்ளதிலேயே பெரிய விருதுக்கு முடிச்சு விண்ணப்பித்திருந்தாள். எங்கள் குழுவில் இதுவரை யாரும் வாங்காத விருது. நான் எழுந்து நின்று கடிதத்தை வாசித்தேன்.

"விண்ணப்பதாரர் கடந்த மூன்று ஆண்டுகளில் இருபத்தைந்து இரவுகளேனும் முகாமில் தங்கியிருத்தல் வேண்டும். தாங்கள் அனுப்பிய இருபத்தெட்டுப் பதிவேட்டு நகல்களில் ஒன்றில்கூட விண்ணப்பதாரரின் பெயர் காணப்படவில்லை. தவிரவும், எந்தப் பக்கத்திலும் பெயர்களின் எண்ணிக்கையும் கீழே குறித்துள்ள மொத்தமும் பொருந்தவில்லை. விண்ணப்பதாரருக்குப் பதினெட்டு வயது நிறைவடையும் நாளுக்கு முன் தக்க விளக்கம் வந்து சேராவிடில் விண்ணப்பம் முடித்துவைக்கப்படும்."

வாசித்து முடித்தேன். முதலில் வாயைத் திறந்தவர் தலைவர்.

"நம்ம மாச இதழ்ல வாழ்த்து போட்டாச்சே!"

"விருது கைக்கு வந்தப்புறம் போடலாம்னு நான் அப்பவே சொன்னேன்," என்றேன்.

"சொன்னீங்க. ஆனா மெதுவா சொன்னீங்க. இருநூறு பிரதி போயாச்சு. கடைக் கண்ணாடியில நானே ஒட்டியிருக்கேன். இருமல் மருந்து வாங்க வர்றவன்கூட எனக்குக் கை குடுத்துட்டுப் போறான். இப்ப நான் என்ன பண்றது, போய்க் கிழிக்கிறதா?"

"அது இருக்கட்டும், பெரிய கெட்டில் எங்க?" என்றார் மாஸ்டர்.

"மாஸ்டர், இன்னிக்கு ஒரு பொருள்தான் பேசறோம்."

"கெட்டிலும் ஒரு பொருள்தானே சார். அடுத்த முகாமுக்கு முப்பது பேர். எதுல தண்ணி காய்ச்ச, உங்க மைக்கூட்டிலயா?"

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண் அங்கே சுவரோடு சுவராக நிற்கிறாள், இவர்கள் இருமல் மருந்தையும் கெட்டிலையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் என் கோபத்தில் பாதி எனக்கே சேர வேண்டியது என்பதும் எனக்குத் தெரியும். கடிதத்தைப் பிரித்த நிமிடமே தெரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். முகாமில் ஒவ்வோர் இரவும் அணித் தலைவர் பதிவேட்டில் ஒரு பக்கம் எழுத வேண்டும். எந்தக் கூடாரத்தில் யார் யார் படுத்தார்கள், மொத்தம் எத்தனை பேர் என்று எழுதி, மாஸ்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன் ஓர் அணித் தலைவன் எல்லாப் பக்கத்திலும் தன் பெயரை முதலில், பெரிதாக, பூ வரைந்து எழுதிவைத்தான். மற்றப் பிள்ளைகள் சண்டைக்கு வந்தார்கள். பெற்றோர்கள் வந்தார்கள். அந்த இம்சை தாங்காமல் நான் ஒரு விதி போட்டேன்: பதிவேட்டை எழுதுகிறவர் தம் பெயரை எழுதக் கூடாது. அதை அழகாக எழுதி, அட்டையின் உட்பக்கம் ஒட்டியும் வைத்தேன். எழுதியது யார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தலைமையகத்துக்கு எப்படித் தெரியும் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

மூன்று வருடம், ஒன்பது முகாம், இருபத்தெட்டு இரவு. எல்லாப் பக்கத்தையும் முடிச்சுதான் எழுதியிருந்தாள். ஒரு பக்கத்திலும் அவள் இல்லை.

இதை விளக்கிச் சொன்னேன். தம்பி ஜன்னலிலிருந்து குதித்து இறங்கினான்.

"இவ்வளவுதானேண்ணா? பேனாவை எடுத்துப் பேரைச் சேர்த்துட்டாப் போச்சு. அவ எழுதினதுதானே? அதே கையெழுத்து, அதே பேனா. எவன் கேக்கப் போறான்?"

"அப்பா, நகல் அவங்ககிட்ட இருக்கு," என்றாள் முடிச்சு.

"ஓ."

"இல்லாட்டியும் எழுத மாட்டேன்."

"நீ எழுத வேணாம், நான் எழுதறேன்."

"உங்க கையெழுத்தை உங்க பேங்க்லயே நம்ப மாட்டேங்கறாங்க."

தம்பி மறுபடி ஜன்னலில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

தலைவருக்கு அந்த இரண்டாவது குற்றச்சாட்டுத்தான் உறுத்தியது. தொழில் அப்படி, மாத்திரை எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் அவருக்குத் தூக்கம் வராது. பெயர் இல்லாதது விதியால், சரி, கூட்டல் ஏன் உதைக்கிறது, முதலில் அதைத் தீர்த்தாக வேண்டும் என்றார். எங்களிடம் இருந்த இன்னொரு கட்டு நகல்களை ஆளுக்கு ஏழு பக்கமாகப் பங்கு பிரித்து, தலைவர், மாஸ்டர், தம்பி, நான் என்று நான்கு பேரும் பெயர்களை எண்ண உட்கார்ந்தோம். மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் காரில் விட்டு வந்திருந்தார். எடுத்து வரப் போனவர், போன வேகத்தில் யாரோ மாணவனுக்கு வண்டியைப் பின்னால் எடுப்பது எப்படி என்று தெருவில் நின்று சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தார். தம்பி இரண்டு தடவை எண்ணி இரண்டு தடவையும் வேறு வேறு விடை சொன்னான். கடிகாரம் ஐந்தே முக்கால். ஆறரைக்கு அறையைக் காலி செய்து இசை வகுப்புக்காரருக்குச் சாவி கொடுக்க வேண்டும்.

"ஏழு பேர் இருக்கு, மொத்தம் எட்டுன்னு போட்டிருக்கு," என்றார் தலைவர். "அடுத்ததுல ஆறு பேர், மொத்தம் ஏழு. என்னம்மா முடிச்சு, கூட்டல் தெரியாதா உனக்கு? மாஸ்டர், நீங்க எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டீங்க?"

"இருட்டுல, மழையில, கொசுக்கடியில கையெழுத்துப் போட்டேன். ஆளை எண்ணித்தான் போட்டேன். எத்தனை தட்டு சாப்பாடுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் ஒண்ணு உதைக்குது?"

அக்கா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்து நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எல்லாப் பக்கத்திலயும் ஒண்ணுதானே உதைக்குது?"

"ஆமா, ஒவ்வொரு பக்கத்திலயும்."

"அந்த ஒண்ணு இவதான்யா. பேரை எழுதக் கூடாதுன்னீங்க, எழுதல. ஆளை எண்ணக் கூடாதுன்னு யாரும் சொல்லலையே. தன்னையும் சேர்த்து எண்ணியிருக்கா. அதுக்குக் கீழ மாஸ்டர் கையெழுத்து இருக்கு. இதுக்குப் போயி நாலு ஆம்பளைங்க முக்கால் மணி நேரமா விரலை மடக்கறீங்க."

நான் கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தேன். அடுத்ததைப் பார்த்தேன். தலைமையகம் குற்றம் என்று எழுதிய இரண்டாவது வரியிலேயே முதல் வரிக்குப் பதில் இருந்திருக்கிறது. அதை நின்று வாசித்தவன் நான்.

முடிச்சு முதல் தடவையாகச் சுவரை விட்டு நகர்ந்து மேசைக்கு வந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் சிவந்திருந்தது.

"டார்ச்சைப் பல்லுல கடிச்சிட்டு எழுதினேன் பெரியப்பா. கை விறைச்சுப்போற குளிர்லகூட ஒரு ராத்திரி விடாம எழுதினேன். அந்த விதியால எனக்கு ஒரு நாள் இது வந்து நிக்கும்னு எனக்குத் தோணல. சரி, எனக்குத்தான் தோணல. நீங்க போட்ட விதி. உங்களுக்குமா தோணல?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா கத்திரிக்கோலை மேசையில் வைத்த சத்தம் கேட்டது.

"சார், ஒரு நிமிஷம். என் பையனும் அணித் தலைவனா இருந்தானே?"

"இருந்தான்."

"நாலு வருஷம் முன்னாடி அவனும் இதே விருதுக்குத்தானே போட்டான்? நாலு ராத்திரி குறையுதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அவன் உங்ககிட்ட வந்து, நான் எல்லாத்துக்கும் போனேன் சார்னு நின்னான்."

ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது. நான் அடிக்கோலை வைத்து, வரி வரியாக, அவன் பெயரை எண்ணினேன். இருபத்தொன்று வந்தது. "பதிவேட்டுல இருக்கறதுதான் தம்பி கணக்கு," என்று சொல்லி அனுப்பினேன். பழைய பதிவேடு இழுப்பறையிலேயே இருந்தது. முழங்காலைத் தூக்கி எடுத்தேன். அவன் கையெழுத்து சாய்வாக இருக்கும், அடையாளம் காண்பது சுலபம். அவன் எழுதிய பக்கங்கள் ஆறு. ஆறிலும் பெயர்களைவிட மொத்தம் ஒன்று கூடுதல்.

இருபத்தொன்றும் ஆறும் இருபத்தேழு.

மாஸ்டர்கூடக் கெட்டிலை மறந்து பதிவேட்டின் மேல் குனிந்தார்.

"இதையும் சேர்த்து எழுதறேன்," என்றேன்.

"வேணாம்," என்றார் அக்கா. "இவளுக்கு இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு. அவனோடதையும் இதுல போட்டுக் குழப்பி இவ காரியத்தைக் கெடுத்துடாதீங்க. அவனுக்கு வயசு இருபத்திரண்டு. இப்ப கொடுத்தாலும் அவன் வாங்கிக்க முடியாது. ஆனா அவனுக்கு ஒரு கடிதாசி போடுங்க. நீங்கதான் போடணும். பேசிட்டேன்னு சொல்லக் கூடாது. எழுத்துல வேணும்."

சரி என்றேன்.

அடுத்து, தலைமையகக் கடிதத்தின் வாசகத்தில் ஒரு சண்டை. "சில நிர்வாகக் காரணங்களால்" என்று தொடங்கலாம் என்றார் தலைவர். கௌரவமாக இருக்குமாம்.

"நிர்வாகக் காரணம்னா யாரு?" என்றான் தம்பி. "அப்படி ஒரு ஆளு இங்க வந்து நான் பார்க்கலையே."

தலைவர் விடவில்லை. குழுவின் மானம் போகும் என்றார். இதழைப் பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார். எனக்குப் பொறுமை போய்விட்டது. பதினோரு வருடத்தில் தலைமையகத்துக்கு முந்நூறு கடிதத்துக்கு மேல் எழுதியிருப்பேன். ஒன்றில்கூடத் தவறு என்னுடையது என்று எழுதியதில்லை. அந்தப் பெருமையை மடியில் கட்டிக்கொண்டு இன்னும் எத்தனை பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது? தாளை என் பக்கம் இழுத்து நானே எழுதினேன்.

"எங்கள் குழுவில் பதிவேட்டை எழுதுகிறவர் தம் பெயரை எழுதக் கூடாது என்ற விதி பத்து ஆண்டுகளாக உள்ளது. அவ்விதியை வகுத்தவன் நான். அது தவறான விதி. விதி ஒட்டப்பட்ட அட்டையின் நகலை இணைத்துள்ளேன். இருபத்தெட்டுப் பக்கங்களையும் எழுதியவர் விண்ணப்பதாரரே. ஒவ்வொரு பக்கத்திலும் பெயர்களுக்கும் மொத்தத்துக்கும் உள்ள ஒன்று என்ற வித்தியாசம் அவரே. அம்மொத்தங்களின் கீழ் சாரண ஆசிரியரின் கையெழுத்து உள்ளது. அன்றைய அணியினர் எழுவரின் உறுதிக் கடிதங்களும் இத்துடன் உள்ளன."

"ஏழு உறுதிக் கடிதமா? எங்க இருக்கு?" என்றார் தலைவர்.

"இனிமேதான் வாங்கணும்," என்றாள் முடிச்சு, வாசலில் சைக்கிள் பூட்டைத் திறந்துகொண்டே. எட்டரை மணிக்குள் ஏழையும் வாங்கி வந்து என் வீட்டு மேசையில் வைத்தாள். ஒன்றில் யாரோ சின்னப் பெண், "அக்கா இருந்தாங்க, ஏன்னா என் போர்வையை அவங்கதான் இழுத்துக்கிட்டாங்க" என்று எழுதியிருந்தாள். திருத்தச் சொல்லலாமா என்று யோசித்து, வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை தபால் நிலையம். தம்பி வெளியே வண்டியை அணைக்காமல் நின்று, இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஒலி எழுப்பிக்கொண்டிருந்தான். முடிச்சு என் பக்கத்தில். பெரிய உறையை விரைவுத் தபாலில் கொடுத்தோம். திங்கட்கிழமை போய்ச் சேரும் என்றாள் அங்கிருந்த பெண். நிச்சயமா என்றேன். நிச்சயம் என்றாள். ரசீதை முடிச்சு வாங்கி, இரண்டாக மடித்து, கைப்பைக்குள் வைத்தாள்.

என் சட்டைப்பையில் இன்னொரு உறை இருந்தது. ஒரு பக்கக் கடிதம். அதற்கு மட்டும் நான்கு தாள் கிழித்திருந்தேன். முதல் மூன்றில் அந்தப் பூ வரைந்த பையனைப் பற்றியும் பெற்றோர் சண்டையைப் பற்றியும் நீளமாக எழுதியிருந்தேன். நான்காவதில் அதெல்லாம் இல்லை. நீ சொன்னது சரி, நான் எண்ணியது தவறு, நீ இருபத்தேழு இரவு இருந்தாய் என்று எழுதி, ஆறு தேதிகளையும் வரிசையாகக் குறித்திருந்தேன்.

"அவருக்கா?" என்றாள் முடிச்சு.

"ஆமா."

"முகவரியில கதவு எண் விட்டுப்போச்சு பெரியப்பா. அக்கா பன்னிரண்டுன்னு சொன்னாங்க."

பேனாவை வாங்கி அவளே எழுதினாள். தபால் நிலையத்துப் பசை காய்ந்து கட்டியாகிக் கிடந்தது; தண்ணீர் தொட்டுக் கரைத்து, உறையின் மடிப்பில் தடவி, மேசையில் வைத்துக் கட்டைவிரலால் நான்கு தடவை அழுத்தினேன். வெளியே தம்பி மறுபடி ஒலி எழுப்பினான். உறையைச் சன்னலுக்குள் நீட்டினேன். அந்தப் பெண் தலைநிமிராமல் வாங்கி, முத்திரை குத்தி, பின்னால் இருந்த சாக்குப்பைக்குள் போட்டாள்.