இரண்டாவது காந்தம்

அவனுடைய அக்காவைக் கட்டியவரிடம் இன்ஜினியர் பட்டம் இருந்தது. ஸ்க்ரூ டிரைவரைப் பேனா பிடிப்பதுபோல்தான் பிடிப்பார்.

அவருடைய பழைய காரில் வேகமுள் செத்துப்போய் ஒரு மாதம். அந்த மாடலுக்கு உதிரி கிடைக்கவில்லை. மெக்கானிக்கான அவன், மச்சினனுக்காகாதா என்று, தானே ஒரு வேகமானி செய்தான். முன்சக்கரத்தின் உள்பக்கம் ஒரு காந்தம், எதிரே சென்சார், ஸ்டீயரிங்குக்கு மேலே சிவப்பு எண்கள். காந்தம் ஒரு தடவை கடந்தால் சக்கரம் ஒரு சுற்று. டயரில் சாக்பீஸ் கோடு போட்டு, அக்காவையும் அத்தானையும் உள்ளே உட்காரவைத்து, காரை உருட்டி ஒரு சுற்றை அளந்தான். ஆள் ஏறினால் டயர் நசுங்கும்.

"எதுக்கு மாப்ளே இந்தக் கூத்து? பை ஆர் ஸ்கொயர் போட்டா வந்துடாதா?"

"அது பரப்பளவு அத்தான். டயரை விரிச்சுப் படுக்கவா போறோம்?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

மோட்டார் வாகன ஆய்வாளர் இதை ஒப்புக்கொண்டால் தங்கள் வண்டிகளிலும் பொருத்திக்கொள்வதாக டாக்சி ஸ்டாண்டில் சொல்லியிருந்தார்கள். அப்புறம் அவன் இன்னொருத்தன் பட்டறையில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

மறுநாள் சோதனை. அவன் ஓட்டினான். ஆய்வாளர் பக்கத்தில், அத்தான் பின்னால்.

"நாப்பதுல போ."

எண் நாற்பதைத் தொட்டது. காய்கறிக் கூடையோடு ஒரு கிழவர் சைக்கிளில் அவர்களை முந்திப் போனார்.

"பெரியவர் பந்தயத்துக்குப் போறாரோ?" என்றார் ஆய்வாளர். கையிலிருந்த வேகம் அளக்கும் கருவியைப் பார்த்தார். "இருபதுதான் போறே. இதை எவன்யா மாட்டுவான்?"

சரியாகப் பாதி. அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. ஓரம் கட்டினான்.

"அத்தான், சக்கரத்துல கை வெச்சீங்களா?"

"ஒரு பக்கம் மட்டும் காந்தம் இருந்தா பேலன்ஸ் போயிடும்னு எதிர்ப்பக்கம் இன்னொண்ணு ஒட்டினேன். இன்ஜினியரிங் மாப்ளே, உனக்குப் புரியாது."

அவன் இறங்கிக் குனிந்து அதை நெம்பி எடுத்து, அவர் சட்டைப்பையில் போட்டான். பேனா மூடியில் டக்கென்று ஒட்டிக்கொண்டது.

மறுபடி ஓட்டினான். நாற்பதுக்கு நாற்பது. ஆய்வாளர் படிவத்தை விரித்தார்.

"செஞ்சது யாரு?"

அத்தான் முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டினார். "எங்க குடும்பத்துலயே தயாரிச்சது சார்…"

"முதல்ல காட்டுச்சே, அது இவர் செஞ்சது," என்றான் அவன். "இப்ப காட்டுறது நான் செஞ்சது. என் பேரை மட்டும் எழுதுங்க."