தண்ணி எங்கால வருது?

பேசாலையில் படகு எஞ்சின் திருத்தும் அம்புறோஸுக்குக் கை சுத்தம், வாய் நீளம். ஒரு விசயம் அவர் காதில் விழுந்தால் அடுத்த மணித்தியாலத்துக்குள் கடற்கரை முழுக்கத் தெரிந்துவிடும். மகள் டினோஜாவின் கம்பியூட்டரைத் தண்ணீரால் குளிரவைக்கும் கருவி வரப்போகிறது என்ற கதையும் அப்படித்தான் ஊரெல்லாம் பரவியது.

போன வருசம் மாதா திருவிழாவை நேரலையாக ஒளிபரப்பியவள் டினோஜாதான். பாரிசிலும் லண்டனிலும் இருக்கிற ஊர்ச்சனமெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாதாவின் சொரூபம் கோயில் வாசலைத் தாண்டுகிற நேரமாகப் பார்த்துக் கம்பியூட்டர் சூடேறி நின்றுவிட்டது. பாழாய்ப்போன பெட்டிக்கு நேரங்காலம் தெரியாதா! அதை எழுப்பி எடுப்பதற்குள் மாதா ஊர் சுற்றித் திரும்பிவிட்டார். "இன்னொருக்கா நிண்டால் கொழும்பு ஆக்களுக்குத்தான் குடுக்க வேணும், பிள்ளை," என்று திருவிழாக் குழுவில் முகத்துக்கு நேரே சொன்னார்கள். அம்புறோஸுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

பாரிசில் இருக்கும் அண்ணன் மகன் றொசாந்தன்தான் தண்ணீர்க் கருவி வாங்கி அனுப்புவதாகச் சொன்னான். பம்ப், குழாய், கலர் லைட் எல்லாம் இருக்குமாம். அம்புறோஸ் துள்ளிக் குதித்தார். அவருக்குத் தெரிந்த எஞ்சினெல்லாம் தண்ணீரால்தானே குளிர்கிறது? பீப்பாய்த் தண்ணீருக்குள் எஞ்சினை இறக்கி ஓடவிட்டு, பின்பக்கத்தால் மெல்லிய தாரை பாய்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார். பாய்ந்தால் எஞ்சின் சுகம்.

"இதில தண்ணி எங்கால வெளிய வரும்?" என்று மகளிடம் கேட்டார்.

"வராதப்பா. உள்ளுக்கயே சுத்தும்."

"வராட்டி ஓடுதெண்டு எப்பிடித் தெரியும்?"

டினோஜா சிரித்தாள். "அதைத்தான் நானும் யோசிச்சனான். தண்ணி வேண்டாம். காத்தாடி பூட்டினது ஒண்டு பாத்து வைச்சிருக்கிறன்."

"காத்தாடியோ! போன வருசம் கழுத்தறுத்தது காத்தாடிதானே? விசரே உனக்கு?"

"அது சுண்டங்காய். இதில ரெண்டு பெரிய காத்தாடி, நடுவில தகடு தகடா அடுக்கி, செங்கல்லை விடப் பெரிசு."

"ஊருக்கெல்லாம் தண்ணி எண்டு சொல்லிப்போட்டனே!"

"ஒண்டு கேக்கிறன் அப்பா. உங்களிட்ட வாற எஞ்சினுகளில கனக்கப் பழுதாகிறது எது?"

அம்புறோஸுக்குத் தெரியாததா? தண்ணீர் இழுக்கும் பம்புக்குள் இருக்கிற ரப்பர்ச் சக்கரம். மாதத்துக்குக் குறைந்தது பத்து மாற்றுவார். அவர் வீட்டு அடுப்பு எரிவதே அந்தச் சக்கரம் தேய்வதால்தான்.

"நடுப்பூசையில பம்ப் நிண்டால் நான் எங்க ஓடுறது? காத்தாடி எண்டால் சுத்துதோ இல்லையோ கண்ணால பாக்கலாம். பழுதானால் மன்னார் ரவுணில ஒண்டை வாங்கி நானே பூட்டிப்போடுவன்."

பொல்லைக் குடுத்து அடி வாங்கினது போலாகிவிட்டது மனுசனுக்கு. "உன்ட விருப்பம்," என்று எழும்பிப் போனார். கொழும்பு பஸ்ஸில் காத்தாடிப் பெட்டி வந்து இறங்கியதைப் பற்றி மட்டும் கடற்கரையில் அவர் மூச்சுவிடவில்லை. அந்த வாய் மூடிக் கிடந்ததை ஊர் அதற்கு முன் கண்டதில்லை.

திருவிழா அன்று பீடத்துக்குப் பக்கத்து அறையில் கம்பியூட்டரை வைத்தாள் டினோஜா. அம்புறோஸ் ஒரு கதிரையை இழுத்து அதன் பின்னால் போட்டுக்கொண்டு, பெட்டியின் முதுகில் கையை வைத்தார். சூட்டுக் காற்று புசுபுசுவென்று அடித்தது. எஞ்சினுக்குத் தாரை, இதற்கு இதுதான் என்று முடிவுகட்டினார். படகுக்காரன் அலெக்ஸாண்டர் வாசலால் தலையை நீட்டினான்.

"அம்புறோஸண்ணை, தண்ணி எங்கால வருது?"

"பொறடாப்பா, எல்லாம் முடியட்டும்."

பூசை முடிந்து சொரூபம் புறப்பட்டது. அம்புறோஸ் வாசலுக்குப் போய்ச் சிலுவை போட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து கையை வைத்தார். காற்று இல்லை. மாதாவே! பெட்டியின் மேல் வெள்ளை லேஸ் துணி ஒன்று முன்னும் பின்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவள் அவருடைய மனுசி அன்ரோனெற். வீட்டு டிவியில் இருந்து தையல் மெசின் வரை மூடிவைக்கிற கை, இங்கே மட்டும் சும்மா இருக்குமா?

"கதவு திறந்தோடனை மண் அடிச்சது, அதான்..." என்றாள் அவள்.

அம்புறோஸ் துணியை உருவி எறிந்தார். "அது மூச்சு விடவேணுமப்பா!"

திரையின் மூலையில் சூட்டுக் கணக்கு தொண்ணூற்றாறில் நின்றது. காத்தாடிகள் இரைந்தன. தொண்ணூறு, எண்பது, எழுபத்திரண்டு. உள்ளங்கையில் காற்று திரும்ப வந்து மோதியது. சொரூபம் அந்த நேரம் கோயில் வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தது.

டினோஜா படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "அப்பா, கையை எடுக்காதேங்கோ," என்றாள்.

எடுக்கவில்லை. மாதா ஊர் சுற்றித் திரும்பும் வரைக்கும் அப்படியே நின்றார். ஒளிபரப்பு ஒரு நொடிகூட நிற்கவில்லை. பாரிசில் இருந்து றொசாந்தன் அழைத்து, வீடு நிறையச் சனம் இருந்து பார்த்ததாகச் சொன்னான். திருவிழாக் குழுத் தலைவர் அறைக்குள் வந்து, "வாற வருசமும் பிள்ளைதான்," என்றார்.

அவர் பின்னாலேயே அலெக்ஸாண்டர் நாலைந்து பேரோடு வந்துவிட்டான். "இப்ப காட்டுங்கோ அண்ணை, தண்ணி எங்கால வருது?"

உள்ளுக்கயே சுத்துது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். திறந்து பார்க்கவா போகிறார்கள்? அம்புறோஸ் அலெக்ஸாண்டரின் கையைப் பிடித்து இழுத்துப் பெட்டியின் முதுகில் வைத்தார்.

"தண்ணி இல்லை. தண்ணி எண்டு ஊரெல்லாம் சொன்னவன் நான், அது பிழை. காத்து எண்டு தெரிஞ்செடுத்தது என்ட மகள். வடிவாக் கையை வைச்சுப் பார். ஒரு நொடியாவது நிண்டதோ?"

அப்போதுதான் டினோஜா திரையை விட்டுத் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

வாய் நீளம் என்றேன் அல்லவா? அன்று பின்னேரத்துக்குள் பேசாலை முழுக்கத் தெரிந்துவிட்டது, அம்புறோஸ் பிழை, மகள்தான் சரி என்று. வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் அம்புறோஸ்தான்.