பதினாலாம் தேதி சாண்ட்விச்

ஹாலிஃபாக்ஸ் நகரத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் டெஸ்மண்ட் ஹார்கிரீவுக்கு ஒரு மரியாதை உண்டு. அது வேலையால் வந்ததல்ல. எதிரே இருக்கும் சூப்பர் மார்க்கெட்டின் மதியச் சலுகையால் வந்தது. ஒரு சாண்ட்விச், ஒரு சிப்ஸ் பாக்கெட், ஒரு பானம், மூன்றுக்கும் சேர்த்து ஒரே விலை. எதை எதோடு சேர்த்து எடுத்தால் கடைக்காரனுக்கு அதிகம் வலிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட அவரிடம் கேட்டுக்கொண்டுதான் கடைக்குப் போவார்கள்.

ஆனால் வலி மெல்ல இடம் மாறியது. மூன்று பவுண்டாக இருந்த சலுகை மூன்றரை ஆயிற்று, பிறகு நான்கு, இப்போது நாலே கால். அதுவும் கடையின் உறுப்பினர் அட்டை வைத்திருக்கும் பாக்கியசாலிகளுக்கு, மற்றவர்களுக்கு ஐந்தரை. ஒவ்வொரு ரசீதிலும் 'இன்று நீங்கள் இவ்வளவு சேமித்தீர்கள்' என்று பெருமையாக அச்சடித்துக் கொடுத்தார்கள். சேமித்துச் சேமித்தே டெஸ்மண்ட் ஓட்டாண்டி ஆனார். கடைக்காரன் தர்மவான், விலையை ஏற்றினானே தவிர, சாண்ட்விச்சைப் பெரிதாக்கி யார் வயிற்றையும் கெடுக்கவில்லை.

வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரலாம்தான். ஆனால் இத்தனை நாள் ஊருக்கே யோசனை சொல்லிவிட்டு, எந்த முகத்தோடு டப்பாவைத் திறப்பது? அதனால் பழைய சாண்ட்விச் பெட்டிகளைக் கிழியாமல் பிரித்து, துடைத்து, வீட்டில் செய்த முட்டை சாண்ட்விச்சை உள்ளே வைத்து, ஓரத்தில் மெல்லிய டேப் ஒட்டிவிடுவார். பன்னிரண்டரைக்குக் கோட்டுக்குள் அதை மறைத்துக்கொண்டு கடைப்பக்கம் ஒரு நடை போய், பெட்டியும் கையுமாகத் திரும்புவார். ஐந்து வாரமாக ஈ காக்காய்க்குக்கூடத் தெரியவில்லை.

அந்த வியாழக்கிழமை பக்கத்து மேஜை லொரெய்ன் அவர் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கினார்.

"ஐயய்யோ, வாயில வைக்காத! தேதியப் பாரு. பதினாலோட முடிஞ்சு போச்சு. இன்னைக்கு இருபத்தொம்போது!"

"பரவால்ல விடு, லொரெய்ன். நல்லாத்தான் இருக்கும்."

"என்னய்யா நல்லா இருக்கும்? முட்டை இது! நாலே கால் பவுண்டையும் புடுங்கிக்கிட்டு வாந்திபேதியும் குடுப்பானுங்களா? எந்திரி, போய்க் கேப்போம்."

"வேணாமே. எனக்குக் கூச்சமா இருக்கு."

"நீ வாயே தெறக்க வேணாம் கண்ணு. நான் பேசிக்கிறேன்."

அவர் பேசத்தான் பேசினார். கடை மேலாளர், மீசைகூடச் சரியாக முளைக்காத ஒருவர், வெளிறிப்போய் மன்னிப்புக் கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் காது கொடுக்காதவர்கள் போல ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேலாளர் பெட்டியைத் திறந்தார். டேப் அவர் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. ரொட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"மேடம், இது எங்க சாண்ட்விச் இல்லீங்க."

"பெட்டியில உங்க கடைப் பேருதானப்பா இருக்கு?"

"பெட்டி எங்களோடதுதான். ஆனா..." குரலைத் தாழ்த்தினார். "இதுல முட்டை நெறைய இருக்கு. எங்களோடதுல இவ்வளவு இருக்காதுங்க."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டெஸ்மண்டுக்குக் காது மடல் சிவந்தது. தரையைப் பார்த்தபடி நின்றார். லொரெய்ன் முட்டையைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார், டெஸ்மண்டைப் பார்த்தார். பிறகு பெட்டியை வெடுக்கென்று வாங்கிக்கொண்டு நடந்தார்.

அவர் பின்னாலேயே டெஸ்மண்டும் சாலையைக் கடந்தார். மூன்று மணிக்குள் அலுவலகம் முழுக்கச் சிரிக்கும், நாளையிலிருந்து கழிப்பறையில்தான் சாப்பாடு என்று டெஸ்மண்ட் முடிவே கட்டிவிட்டார். மானம் போன துக்கத்தில் பசிகூடத் தெரியவில்லை.

மாடிப்படியில் லொரெய்ன் நின்றார்.

"இந்த மாதிரி பெட்டி வீட்டுல இன்னும் எத்தன வச்சிருக்க?"

"பதினொண்ணு," என்றார் டெஸ்மண்ட், குற்றவாளியைப் போல.

"நாளைக்கு எனக்கு ரெண்டு கொண்டா." சாண்ட்விச்சில் ஒரு பாதியை எடுத்துப் பெரிதாகக் கடித்தார். கண் கலங்கியிருந்தது. "மூணு வாரமா டயட்டு டயட்டுன்னு பொய் சொல்லி வெந்நியக் குடிச்சே உக்காந்திருக்கேன்யா."