கோபத்தில் ஓடிய லாரி

பதினோரு வருடம் கூட இருந்து குடித்தனம் நடத்தியவன், வீட்டை விட்டுப் போகிற அன்று, செருப்பை மாட்டிக்கொண்டே கடைசியாகப் பேசியது லாரியைப் பற்றித்தான்.

"அந்த லாரிய காயலான் கடைக்குப் போட்டுடு. உன்னால அதுல ஒரு போல்ட்டைக்கூடக் கழட்ட முடியாது."

கேட்டுக்கொண்டு வாசலில் நின்ற அவன் மனைவி, ஆறு வருடமாக ஞாயிறு தவறாமல் அந்த லாரிக்கு அடியில் அவனுக்கு டார்ச் பிடித்தவள். பழைய வண்டிச் சங்கத்தில் அவனுடைய சிநேகிதர்கள் அவளுக்கு வைத்த பெயரே டார்ச்தான். "டார்ச் வரலையா இன்னிக்கு?" என்று கேட்டு அவர்களே சிரித்துக்கொள்வார்கள். இவளும் சேர்ந்து சிரித்து வைப்பாள். அந்தச் சிரிப்பையெல்லாம் இப்போது நினைத்தால் அவளுக்கு வயிறு எரிந்தது.

லாரி டயர் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் கிடந்தது. நீண்ட மூக்கு, உருண்டை விளக்கு, அவள் பிறப்பதற்கு முப்பது வருடம் முந்தைய வண்டி. கிடந்தது என்றால் முழுசாக இல்லை. எஞ்சின் ஒரு மூலையில், ரேடியேட்டர் இன்னொரு மூலையில், கதவு இரண்டும் சுவரில் ஆணியடித்துத் தொங்கின. போல்ட்டும் நட்டும் நாற்பத்து மூன்று பிஸ்கட் டப்பாக்களில், எது எங்கே போகும் என்று ஒரு சீட்டுக்கூட ஒட்டாமல். அதைப் பார்த்துக்கொண்டே நின்றவள் ஒரு முடிவுக்கு வந்தாள். வருடா வருடம் சங்கம் ஒரு கண்காட்சி நடத்தும். ஒரு வருடம் இந்த லாரியைத் தானே ஓட்டிக்கொண்டு போய் அவன் முன்னால் நிறுத்த வேண்டும். அவன் மூஞ்சி எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். மற்றபடி அவளுக்கு லாரி மேல் ஆசையெல்லாம் ஒன்றும் கிடையாது.

அவளுக்குத் தொழில் பல்செட் செய்வது. ஒரு மயிரிழை கூடினாலும் போட்டுக்கொள்கிறவருக்கு வாய் புண்ணாகிவிடும். அந்தக் கையோடு டப்பாக்களைக் கொட்டினாள். பல் அடுக்கும் தட்டுகளை வாங்கி, அளவு அளவாகப் பிரித்து, சீட்டு எழுதி ஒட்டினாள். அதற்கே நாலு மாதம் ஆனது. வெல்டிங் வகுப்பில் சேர்ந்தாள். பிஸ்டன் இறுகிப்போயிருந்த எஞ்சினில் எண்ணெய் ஊற்றி, மூன்று வாரம் தினமும் ஸ்பேனர் போட்டு அசைத்துப் பார்த்தாள். வராத போல்ட் ஒவ்வொன்றுக்கும் அவன் பெயரையே வைத்தாள். "வரமாட்டியா நீ? வர வைக்கிறேன் பாரு" என்று சொல்லிச் சொல்லித் திருகினாள். வந்தது. நேரில் அவனை வாழ்நாளில் ஒருமுறைகூட நீ என்று சொன்னவள் இல்லை.

இப்படியே இரண்டு வருடம் ஓடியது. மூன்றாம் வருடம் ஒரு சனிக்கிழமை, கொட்டகைக்குப் போய் எத்தனை நாளாயிற்று என்று எண்ணினாள். மூன்று வாரம். அந்த மூன்று வாரத்தில் அவன் ஞாபகம் ஒருதரம்கூட வரவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. இன்னொருத்தியாக இருந்தால் அப்பாடா என்று இருந்திருப்பாள். இவளோ, பிரேக் குழாய் ஒன்றுகூடப் போடவில்லையே, கோபமும் போய்விட்டால் எதை வைத்து மிச்சத்தை முடிப்பேன் என்று பயந்துபோனாள்.

உடனே நாத்தனாருக்கு போன் போட்டாள். நாத்தனார் அவனுடைய ஒரே தங்கை, பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருப்பவள். கத்தரியைவிட வாய் வேகம். அண்ணன் போனால் போகட்டும், அண்ணியை நான் விடுவதாக இல்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டவள். அவளிடம் இவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள், உங்கண்ணன் என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா, லாரியைப் பற்றி ஏதாவது பேசினாரா என்று.

போனில் கத்தரிச் சத்தம் நின்றது. அப்புறம் நாத்தனார் சொன்னாள்: "சொல்ல வேண்டாம்னு பார்த்தேன் அண்ணி. அவ இன்னும் துருவுக்குத் துணையா உட்கார்ந்திருக்காளான்னு கேட்டு ஒரே சிரிப்பு."

ஒரே வாரத்தில் பிரேக் குழாய் நாலும் ஏறின.

அதிலிருந்து அது ஒரு ஏற்பாடு மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்ததும் நாத்தனார் கொட்டகைக்கு வருவாள், கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து அந்த வாரத்துச் செய்தியைச் சொல்லுவாள். வயரிங் எல்லாம் பெண்பிள்ளைக்கு வருமா என்றானாம். வண்டி கிளம்பினால் தனக்கு ஒரு தந்தி அடிக்கச் சொன்னானாம். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வேலையை எடுப்பாள். அந்த வருடம் வயரிங் முடிந்தது, கியர் பெட்டி ஏறியது, எஞ்சின் உறுமவே செய்தது.

பிறகு ஒருநாள் சுவரிலிருந்து கதவுகளை இறக்கினார்கள்.

நாத்தனார் பிடித்துக்கொள்ள, இவள் கீலை முடுக்கினாள். சாத்திப் பார்த்தால் மேலே இடித்தது, கீழே இரண்டு விரல் போகிற சந்து. அடுத்த கதவும் அப்படியே. கீலைத் தளர்த்தி இறுக்கி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் பல்செட் செய்கிற லேபிலிருந்து நீலக் காகிதம் கொண்டுவந்தாள். பல்செட்டில் எந்தப் பல் முதலில் முட்டுகிறது என்று பார்க்க, கடிக்கச் சொல்லி நடுவில் வைக்கிற காகிதம் அது. கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் அதை வைத்து மெல்லச் சாத்தித் திறந்தாள். நீலக் கறை விழுந்த இடங்களைத் தொடர்ந்து கொண்டு போனால், கோணல் கதவில் இல்லை. கேபினே கோணல்.

மண்டியிட்டுக் கீழே பார்த்தாள். கதவுக்கு அடியில் ஓடும் இரும்புப் பட்டை புதுசாக வெல்டிங் வைத்தது. வைத்தவன் அவன். டார்ச் பிடித்தவள் இவள். வகுப்பில் மூன்றாம் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: அந்தப் பட்டையை வெல்டிங் வைக்கும்போது கதவு மாட்டியே இருக்க வேண்டும், இல்லையென்றால் சூட்டில் இரும்பு இழுத்துக்கொண்டு கதவு உட்காருகிற வாசலே திருகிப்போகும். அவன் கதவைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்திருந்தான். அதற்கப்புறம் இரண்டு வருடம், கதவு எப்போது மாட்டப் போகிறோம் என்று இவள் கேட்கும்போதெல்லாம், கதவு எப்பவும் கடைசியிலதான், உனக்கு ஒண்ணும் தெரியாது என்று எரிந்து விழுந்திருந்தான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் ஆணியில் தொங்கவிட்டான். தெரிந்துதான் காயலான் கடையில் போடச் சொல்லிவிட்டுப் போனான்.

"என்ன அண்ணி?" என்றாள் நாத்தனார்.

"ஒண்ணுமில்ல. அந்த கட்டரை எடு."

அடுத்த பதினான்கு மாதம் நாத்தனார் எந்தச் செய்தியும் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை. அவன் வைத்த வெல்டிங் அத்தனையையும் இவள் அறுத்தாள். கதவை மாட்டி, ஒரு விரல் அகலம் வெல்டிங், ஆறவிட்டு, நீலக் காகிதம் வைத்துப் பார்த்து, மறுபடி ஒரு விரல் அகலம். இரண்டு தடவை தப்பாகி மறுபடி அறுத்தாள். கை நிறையக் கொப்புளம். ஆனால் ஒருநாள்கூடச் சலித்துக்கொள்ளவில்லை. அப்படி ஒரு வெறி.

கண்காட்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பின்பக்கப் பலகை இன்னும் போடவில்லை, வெறும் சட்டம்தான். இருந்தாலும் நாத்தனாரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, ஓட்டிக்கொண்டே போய் நிறுத்தினாள். ஒவ்வொரு வண்டியின் முன்னாலும் ஒரு அட்டை வைக்க வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். என்ன வண்டி, எந்த வருடம், யார் புதுப்பித்தது, என்னென்ன வேலை. இவள் கட்டம் கட்டமாக எழுதி, கடைசிக் கட்டத்தில் இப்படி எழுதியிருந்தாள்: தவறாக வெல்டிங் வைத்துக் கோணலாக்கப்பட்டிருந்த கேபின் முழுவதும் அறுத்து மறுபடி கட்டப்பட்டது. கோணலாக்கியவர் என்று போட்டு, அவன் முழுப் பெயர், இனிஷியலோடு.

பதினோரு மணிக்கு அவன் வந்தான். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தது. லாரியை ஒரு சுற்றுச் சுற்றினான், கதவைத் திறந்தான், சாத்தினான், மறுபடி திறந்தான், மறுபடி சாத்தினான்.

"கதவ எப்படி சரி பண்ணின?"

"அப்ப அது கோணல்னு உங்களுக்குத் தெரியும்."

அவன் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள் இவள்.

"சொன்னா நீ சிரிச்சிருப்ப."

"சிரிச்சிருப்பேன். ரெண்டு நாள் சிரிச்சிருப்பேன். அப்புறம் நானே வந்து டார்ச் பிடிச்சிருப்பேன்."

அதற்குள் அவனுடைய பழைய சிநேகிதர்கள் இரண்டு பேர் அட்டையைக் குனிந்து படித்துவிட்டு, நிமிர்ந்து அவனைப் பார்த்து, அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்கள். அவன் போய்ப் படித்தான். முகம் சுண்டிப்போயிற்று. நாலு வருடமாக இவள் பார்க்கக் காத்திருந்த மூஞ்சி அது. பக்கத்தில் வந்து, பெயரை மட்டுமாவது அடித்துவிடேன், எல்லாரும் தெரிந்தவர்கள் என்று மெதுவாகக் கேட்டான். என்ன இருந்தாலும் பழகிய குரல். இவள் கை தானாகப் பைக்குள் போய்ப் பேனாவை எடுத்தது. மூடியைத் திறந்தாள். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்காமல் விட மனசில்லை.

"துருவுக்குத் துணையா உட்கார்ந்திருக்கேன்னு சொல்லிச் சிரிச்சீங்களே. இப்ப சிரிங்க."

அவன் விழித்தான். "நானா? யார்கிட்ட? எனக்கு இந்த லாரி ஞாபகமே வந்ததில்லம்மா. நாலு வருஷமா நான் இதைப் பத்திப் பேசினதே கிடையாது. சங்கத்து லிஸ்ட்டுல உன் பேரைப் பார்த்துட்டுத்தான் வந்தேன்."

நாத்தனார் சட்டென்று குனிந்து முன்சக்கரத்தின் காற்றை அழுத்திப் பார்க்க ஆரம்பித்தாள்.

ஞாபகமே வந்ததில்லையாம். எத்தனை போல்ட்டுக்கு அவன் பெயர் வைத்திருப்பாள், எத்தனை ஞாயிறு அவனோடு வாதாடியிருப்பாள். அவன் அங்கே மறந்துவிட்டு, தொப்பை வளர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறான். காலிலிருந்து தலைவரைக்கும் அவளுக்குப் புதுசாக எரிந்தது. பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள்.

"அட்டை சாயங்காலம் வரைக்கும் இருக்கும்" என்றாள்.

சாயங்காலம் வரைக்கும் இருந்தது. அவன் மதியமே கிளம்பிவிட்டான்.

திரும்பும்போது நாத்தனார் பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். மூன்று சிக்னல் தாண்டிய பிறகு இவள் கேட்டாள்.

"நீ வந்து சொன்னதுல, எத்தன அவர் நெஜமா சொன்னது?"

"முதல்ல சொன்னது மட்டும் அண்ணி." கட்டிய கையை அவிழ்த்துக்கொண்டு, "அதுவும் நெஜமில்ல" என்றாள். "நீங்க போன்ல கேட்ட விதம் அப்படி இருந்துச்சு. ஏதாவது சொல்லலேன்னா லாரி நின்னுபோயிடும்னு தோணுச்சு."

இவள் கியரை மாற்றினாள். கண்ணாடியில் பின்பக்க வெறும் சட்டம் குலுங்கிக்கொண்டே வந்தது.

"பின்பலகை பாக்கி இருக்கு. எப்படியும் ஆறு மாசம் இழுக்கும்" என்றாள். "ஞாயித்துக்கிழமை வரும்போது அவர் சொன்னதா ரெண்டு மூணு யோசிச்சு எடுத்துட்டு வா."

"அண்ணி, நெஜமாவா?"

"கொஞ்சம் காரமாவே இருக்கட்டும்."