நூற்று எழுபத்தாறு பவுண்டு

1
இந்தக் கதை என் பயிற்சி நோட்டின் இரண்டு வரிகளிலிருந்து வந்தது. முதல் வாரம்: லொரெய்ன், 176 பவுண்டு. பத்தாம் வாரம்: லொரெய்ன், 176 பவுண்டு. அமெரிக்காவின் பஃபலோ நகரில், பெண்களுக்கான மாலைநேர எடை தூக்கும் வகுப்பில் அவர் என் ஜோடி. ஒருவர் தூக்கும்போது மற்றவர் எண்ணி எழுத வேண்டும்; வாரம் ஒருமுறை தராசில் நிறுத்தி உடல் எடையையும்.

2
(முதலில் இப்படித் தொடங்கினேன்: "இருபத்திரண்டு ஆண்டுகள் பள்ளிப் பேருந்தின் இருக்கையிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அந்த உடல்..." விட்டுவிட்டேன். அவரைப் பரிதாபமாக்கும் வாக்கியம்.)

விஷயத்துக்கு வருகிறேன். லொரெய்ன் போன்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர்களுக்குத் தகுதித் தேர்வு உண்டு. ஆபத்தில் ஒரு பிள்ளையை வெளியே இழுக்க வலு உண்டா என்று பார்க்க, 125 பவுண்டு மூட்டையை முப்பது நொடியில் முப்பது அடி இழுக்க வேண்டும். போன முறை லொரெய்ன் பாதியில் நின்றுவிட்டார். நாளை மறுதேர்வு. இதிலும் தவறினால் பேருந்து கையைவிட்டுப் போகும்.

3
இன்று தராசிலிருந்து இறங்கியதும், மூன்று நாளாக இரவில் சாப்பிடவில்லை என்றார். பணிமனைச் சுவரில் யார் எவ்வளவு இளைத்தார் என்று ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறார்களாம். அதில் இவர் கடைசி.

"பத்து வாரமா இவ்வளவு இரும்பத் தூக்கறேன். என்னைய மட்டும் ஒரு பவுண்டு எறக்க முடியல."

பயிற்சியாளர் பெக்கி அவர் இடுப்பைப் பார்த்தார். "பெல்ட் என்ன ஆச்சு?"

"ரெண்டு ஓட்டை உள்ள போயிருச்சு. தோல் இழுபட்டுப்போச்சுன்னு நெனச்சேன்."

"மாடு செத்து எத்தனை வருஷம் ஆச்சு, இப்பப் போயி இழுபடுமா? கொழுப்பு போயி தசை வந்திருக்குடி. தராசுக்கு ரெண்டும் ஒண்ணுதான். பட்டினி கெடந்தா அந்தத் தசையும் போகும். அப்புறம் மூட்டைய எத வச்சு இழுப்ப?"

லொரெய்ன் நம்பியதாகத் தெரியவில்லை. வாராவாரம் அந்த எண்ணை உரக்கப் படித்தவள் நான். என் நோட்டில் எடைக்கு மட்டும்தான் கட்டம் போட்டிருந்தேன், இடுப்புக்கு இல்லை. இந்தக் கதையில் குற்றவாளி தேவைப்பட்டால் [இதை வைத்துக்கொள்வதா என்று தெரியவில்லை] அது நான்தான்.

4
முடிவு அ: இருபத்தாறாவது நொடியில் மூட்டை கோட்டைத் தாண்டுகிறது. விளம்பரம் மாதிரி இருக்கிறது. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: இருபதாவது அடியில் பசி மயக்கத்தில் அவர் கால்கள்... என் தவறுக்கு அவரைத் தண்டிக்கக் கை வரவில்லை.

வகுப்பு முடிந்து எதிர்க்கடையில் உட்கார்ந்திருக்கிறோம். அவருக்கும் சேர்த்து வறுத்த கோழிச் சிறகுகள் சொன்னேன். தட்டை அவர் இன்னும் தொடவில்லை. நான் எழுதுவதையே பார்க்கிறார்.

"என்னப் பத்தியா எழுதற?"

"ஆமாங்க."

"அதுல நான் சாப்பிட்டேனா?"

இங்கேயே நிறுத்துகிறேன். சிறகுகள் இன்னும் ஆறவில்லை. அவருக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.