ஒக்புன் திருப்பி அனுப்பிய மண்

எங்கள் மலையில் பனி உருகியதும் மண் லாரிகள் வந்துவிடும்.

கிம்ச்சி ஊறுகாய்க்குப் போகும் நீள முட்டைக்கோஸ்தான் காங்வொன் மலைச்சரிவில் எங்கள் பிழைப்பு. ஒரு காலை மடக்கிக்கொண்டுதான் களையெடுக்க முடியும், அவ்வளவு சரிவு. கோடை மழை இறங்கினால் உழுத மண் வழிந்து ஓடைக்குப் போய்விடும், கல் மட்டும் மிஞ்சும். மறு வசந்தத்தில் பக்கத்து மலையை வெட்டி மண் கொண்டுவந்து பரப்புவோம். உழுவோம், நடுவோம். மறுபடி மழை வரும்.

அந்த மண் லாரிகளில் ஒன்றை ஓட்டியவர் தொக்சு, ஒக்புன் அக்காவின் கணவர். அதனால்தான் அவள் லாரியை மறித்த அன்று ஊரே திரண்டுவிட்டது.

அவள் வயல் மேலே, என் வயல் கீழே. ஒரு கோடையில் அவள் நட்ட நாற்று முழுவதும் சேற்றோடு என் வயலுக்கு வந்து சேர்ந்தது. முழங்கால் சேற்றில் நின்று இருவரும் பொறுக்கினோம். திடீரென்று அவள் என் மண்வெட்டியை வாங்கி ஆழமாக ஒரு குழி போட்டாள்.

"இங்க வா தங்கச்சி. இதுல ஒரு மண்புழுவ காட்டு பாப்போம்."

வெள்ளை மணலும் உரக் குருணையும்தான் இருந்தன.

"ஒரு மலைய வெட்டி இன்னொரு மலை மேல கொட்டுறோம். கடைசில ரெண்டும் ஆத்துக்குப் போவுது. இனிமே என்னால முடியாது."

அந்த இலையுதிர் காலத்தில், அறுவடையில் கழித்த இலைகளை அவள் வயலிலேயே விட்டாள். உழவில்லை. குளிர் தாங்கும் ரை தானியத்தை விதைத்தாள். ஊரெல்லாம் கட்டாந்தரையாகக் கிடக்க, அவள் வயல் மட்டும் பனிக்கு அடியில் பச்சையாக இருந்தது.

"ஒக்புன், உன் வயலுக்கு எப்ப முடி வெட்டப் போற?" என்று கேட்டார் ஊர்த்தலைவர் போங். அவர் வயல் அவளுடையதற்கும் மேலே.

"உங்க தலைல முளைக்கிற அன்னிக்கு!" என்றாள். போங் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

தொக்சு இதை மனைவியின் குளிர்காலப் பைத்தியம் என்றுதான் நினைத்திருந்தார். வசந்தத்தில் வழக்கம்போல் லாரி நிறைய மண்ணோடு வந்தார். அவள் பாதை நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி. ஊரு பாக்குது."

"பாக்கட்டும். ஏத்துறதுன்னா எம்மேல ஏத்து."

"பைத்தியமா உனக்கு? எல்லார் வயலுக்கும் கொட்டுறேன், சொந்த வயலுக்குக் கொட்டலன்னா எவன் என்னைக் கூப்பிடுவான்?"

"எவனும் கூப்பிட வேணாம்னுதான் உக்காந்திருக்கேன்."

"இந்த மண்ண இப்ப நான் எங்க கொட்ட?"

"எடுத்த இடத்துல கொட்டு!"

சிரிப்பு எழுந்தது. தொக்சுவின் கழுத்துவரை சிவந்தது. ஒற்றைப் பாதையில் திருப்ப இடமில்லாமல், அவ்வளவு தூரமும் பின்னுக்கே ஓட்டிக்கொண்டு போனார். பிறகு பல நாட்கள் அவர் வீட்டில் சாப்பிடவில்லை. லாரியில் உட்கார்ந்து கப் நூடுல்ஸ் தின்றார். அவள் அழைக்கவும் இல்லை.

ரை இடுப்பளவு வளர்ந்ததும் அதை மிதித்துச் சாய்த்துப் பாயாக்கி, அதில் துளை போட்டுக் கோஸ் நட்டாள். அந்த ஆண்டுக் கோஸ்கள் கைக்கு அடக்கமாகத்தான் வந்தன. வயலோடு விலைபேசும் வியாபாரி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன, பொம்மைக்கா?" என்று வண்டியைத் திருப்பினான். அவளே பெட்டிகளில் அடுக்கி, கீழே சந்தையில் போர்வை விரித்து உட்கார்ந்து விற்றாள். மழையில் நனைந்து திரும்பிய ஒரு நாள், என் அடுப்படியில் உருளைக்கிழங்கு உருண்டை சூப்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, "யார்கிட்டயாச்சும் சொன்ன, கொன்னுடுவேன்" என்றாள்.

ஊர்க்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அவள் வயலில் பூச்சி பெருகுகிறது, உழாவிட்டால் ஊரின் மருந்து வண்டி அவளுக்குக் கிடையாது என்றார் போங்.

ஒக்புன் எழுந்தாள். "நான் என் நிலத்துக்குப் போர்வை போத்தியிருக்கேன் தலைவரே. உங்க நிலம்தான் மானம் இல்லாம அம்மணமா நிக்குது. வண்டிய நீங்களே வெச்சுக்கோங்க." வாசலில் ரப்பர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த ஆண்டும் அதையேதான் செய்தாள். கோஸ் கொஞ்சம் பெருத்தது. கோடை வந்தது. மழை நின்று நின்று பெய்யாமல் ஒரே மூச்சாகக் கொட்டியது. விடிந்து பார்த்தால் சரிவெங்கும் மலையை நகத்தால் பிறாண்டியதுபோல் பள்ளங்கள். ஒக்புன் வயலில் பாய் அப்படியே இருந்தது. என் வயலுக்கு அவள் பக்கமிருந்து வந்த தண்ணீரில் சேறில்லை.

ஆனால் மேல்மூலையில் போங்கின் வயல் அப்படியே சரிந்து அவள் கோஸ் மீது விழுந்திருந்தது. மூன்றில் ஒரு பங்கு பயிர் சேற்றுக்கடியில் போய்விட்டது. அவள் குந்தி உட்கார்ந்து, ஒரு கோஸைக் கையால் தோண்டி எடுத்துத் துடைத்தாள்.

போங் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "ஒக்புன், லாரி மண்ணு வேணாம்னியே! இப்ப சும்மாவே கெடைச்சிருச்சு பாரு!"

பார்க்கக் கூடியிருந்த ஊரில் யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தின் பின்னால் நின்ற தொக்சு போய் லாரியைக் கொண்டுவந்தார். மண்வாரியை எடுத்துக் கணவனும் மனைவியும் வாரத் தொடங்கினார்கள். நானும் இறங்கினேன். லாரி நிறைந்ததும் தொக்சு அதை நேரே போங் வீட்டு முற்றத்துக்கு ஓட்டி, ஊறுகாய்ச் சாடிகளுக்கு எதிரே ஒட்டுமொத்தமாகக் கவிழ்த்தார்.

"யோவ்! என்னய்யா இது?" என்று ஓடிவந்தார் போங்.

"உங்க மண்ணு தலைவரே. எங்க வயலுக்கு வழி தவறி வந்திருச்சு," என்றார் தொக்சு. "இன்னும் ரெண்டு நடை இருக்கு. சாடிய நகத்திக்கிறீங்களா?"

ஒக்புன் குவியலின் மேல் ஏறி, ஒரு மூட்டை ரை விதையை அதன் உச்சியில் வைத்தாள். "இதையும் வெச்சுக்கோங்க. வெதைச்சா அடுத்த தடவ உங்க மண்ணு வீட்டோட இருக்கும். வெதைக்கலன்னா திரும்பக் கொண்டாந்து கொட்டுறதுக்கு லாரி தயாரா இருக்கு."

போங் அந்த மூட்டையை வாசலில் எறிந்தார். அவர் மனைவி அதை எடுத்து உள்ளே வைத்ததை நான் பார்த்தேன். விதைத்தார்களா என்றால், இல்லை. இன்றுவரை அவர் ஒக்புனோடு பேசுவதில்லை.

அந்த இலையுதிர் காலத்தில், மறு வசந்தத்துக்கு எத்தனை லாரி மண் வேண்டும் என்று கணக்கெடுக்கப் போங் என் வாசலுக்கு வந்தார். நான் கையை ஆட்டி வேண்டாம் என்றேன்.

"நீயுமா? அவ பேச்சக் கேட்டு நாசமாப் போகப் போறியா?"

"இதுவரைக்கும் உங்க பேச்சத்தான் கேட்டேன் தலைவரே," என்றேன். "என் வயல்ல கல்லுதான் மிச்சம்."

கதவைச் சாத்திவிட்டு, ரையை அன்றைக்கே விதைத்துவிட வேண்டும் என்று பின்வாசல் வழியே வயலுக்கு இறங்கினேன்.